கருவிப் பிரியருக்கு மலிவான பரிசுகள் மூன்று

பரிசளிப்பவரின் நல்லெண்ணத்தைச் சந்தேகிப்பது பாவம் என்று பெரியவர்கள் சொல்லக்கூடும், ஆனால் சென்ற ஞாயிற்றுக்கிழமை என் சஷ்டியப்தபூர்த்திக்கு வந்து, "மாமா, உங்களுக்குத்தான் சுத்தியல், திருப்புளி என்றால் உயிராயிற்றே!" என்று சொல்லி, மினுமினுக்கும் காகிதம் சுற்றிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை என் மடியில் வைத்துவிட்டு, நான் காகிதத்தைப் பிரிப்பதற்குள் பந்திக்குப் போய்விட்ட என் தங்கை மகன் விஷயத்தில் அந்தப் பாவத்தைச் செய்ய நான் சித்தமாக இருக்கிறேன்.

அந்தப் பெட்டியை வர்ணிக்க வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று இருக்கிறது. இல்லையென்றால், யாருடைய கிருகப்பிரவேசத்திலோ அதை நீங்கள் கழித்துக் கட்டியிருக்கிறீர்கள். ஆகவே, சுத்தியல் பிடிப்பதிலும் மண் கொத்துவதிலும் ஆனந்தம் காணும் அப்பாவிகளுக்கு அளிக்கத்தக்க, மலிவும் பிரயோஜனமும் உள்ள மூன்று வஸ்துக்களைச் சொல்லி லோகோபகாரம் செய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன் அந்தப் பெட்டியைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை.

அதிலுள்ள சுத்தியலால் காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடிக்க முற்பட்டால், ஆணி சுவருக்குள் போவதற்குப் பதிலாகச் சுத்தியலின் தலை பிடியைவிட்டு வெளியே போகிறது. அதிலுள்ள ஸ்பானர்கள், சைக்கிளுக்கும் சேராமல், மோட்டார் சைக்கிளுக்கும் சேராமல், மனிதன் இனிமேல் கண்டுபிடிக்கப்போகும் ஏதோ ஒரு வாகனத்தை உத்தேசித்துச் செய்யப்பட்டவை. நட்சத்திரத் தலைத் திருகாணி 1930களில் அமெரிக்க மோட்டார்க் கார்த் தொழிற்சாலைகளில் புகுந்து, அங்கிருந்து உலகமெங்கும் பரவி, இன்று நம் வீட்டு அலமாரிக் கீல் வரையில் வந்து குடியேறிவிட்டது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 2ஆம் எண் நுனியுள்ள திருப்புளி ஒன்றே போதும் என்பது தச்சருக்கெல்லாம் தெரியும். பெட்டியில் ஊசியளவிலிருந்து உலக்கையளவு வரையில் எத்தனையோ திருப்புளிகள் இருக்க, முதல் திருகலிலேயே முனை மழுங்கிப் போவது மட்டும் அந்த 2ஆம் எண்ணாகவே இருப்பதன் மர்மம் என்ன? திருப்பாச்சேத்தி அரிவாளைப் பார்த்த கண்ணால் அதிலுள்ள கத்தியைப் பார்க்க நேர்ந்தது என் பூர்வ கர்மம். ரசமட்டம் என்ற பெயரில் விரல் நீளத்தில் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதன் குமிழியோ, எங்கள் வீட்டுத் தரையில் வைத்தாலும் மாடிப்படிக் கைப்பிடிச் சரிவில் வைத்தாலும் நடுவிலேயே நின்று, யார் மனத்தையும் புண்படுத்தாமல் சமாதானம் பேசுகிறது.

இவற்றையெல்லாம் மன்னிக்கலாம். மன்னிக்க முடியாதது பெட்டியின் உள்ளமைப்பு. ஒவ்வொரு கருவிக்கும் அதனதன் உருவத்தில் ஒரு பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். நெரிசலான பஸ்ஸில் ஒரு நிமிஷம் எழுந்து நின்றவருக்கு மீண்டும் இடம் கிடைப்பதுபோலத்தான், ஒருமுறை வெளியே வந்த கருவிக்குத் தன் பள்ளம் கிடைக்கிறது. குறட்டைப் படுக்க வைத்தால் டேப் எழுந்துகொள்கிறது. டேப்பை அடக்கினால் ஸ்பானர்கள் கூட்டமாக வெளிநடப்புச் செய்கின்றன. அன்றிரவு என் மனைவி மேலே உட்கார்ந்து அழுத்த, நான் கீழே படுத்துக் கொக்கியை மாட்ட, வெற்றி கண்டோம் என்று நினைத்துப் பெட்டியைத் தூக்கிய மாத்திரத்தில் அது வாயைத் திறந்து சகலத்தையும் என் பாதத்தின்மேல் அர்ப்பணித்தது. சுத்தியலின் தலை தனியாக வந்து விழுந்தது.

நான் ஒன்றும் கைதேர்ந்த தச்சன் அல்லன். நான் செய்த புத்தக அலமாரியில் கம்பன் முதல் கல்கி வரையில் எல்லோரும் இடப்பக்கம் சாய்ந்தே இருக்கிறார்கள். கருவிகளைத் துடைக்க என் வீட்டில் தனியாக ஒரு துண்டு உண்டு. எனக்குத்தான் கிடையாது என்பது என் மனைவியின் அபிப்பிராயம். ஆனால் கருவியை நேசிப்பவனுக்குக் கருவி வாங்கிக் கொடுக்கலாகாது, கருவிக்குத் தீனிதான் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்ற தத்துவம் மட்டும் எனக்குத் தெரியும்.

ஆகவே முதற் பரிசு: ஆக்ஸா பிளேடு. பன்னிரண்டு அங்குல நீளம். பந்தியில் வைக்கும் ஐஸ்கிரீமின் விலைகூட ஆகாது. அங்குலத்துக்கு 18 பல் உள்ளது கனத்த, மெதுவான உலோகத்துக்கு. 24 பல் பொதுவான இரும்பு வேலைக்கு. 32 பல் மெல்லிய தகட்டுக்கும் குழாய்க்கும். எதை அறுத்தாலும் குறைந்தது மூன்று பல்லாவது அதன்மேல் பதிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பல் போகும். இப்படி வகைக்கு ஒன்றாக மூன்று பிளேடுகளை ஒரு பழைய காகிதத்தில் சுற்றிக் கொடுத்துப் பாருங்கள். அறுபது வயதுக்காரன் கண் கலங்குவான்.

இரண்டாவது, தோட்டத்து ஆசாமிகளுக்கு: மம்பட்டிக் காம்பு. கோடையில் மரம் வற்றிக் காம்பு ஆடத் தொடங்கும். அதை இரவு முழுதும் தண்ணீரில் ஊறப்போட்டால் உப்பி இறுகி, காய்ந்தபின் முன்னிலும் அதிகமாக ஆடும். நன்கு காய்ந்த மரத்தில் புதுக் காம்பு ஒன்றும், பூசுவதற்குக் கொஞ்சம் ஆளிவிதை எண்ணெயும் கொடுத்தால் போதும். இதை விட்டுவிட்டு, மண்ணைக் கண்டால் வளைந்துபோகும் கொத்துகளை ரோஜா நிறக் கைப்பிடியுடன் அடுக்கித் தருகிறார்கள். அதுவும் ஒரு பெட்டியில்தான் வருகிறது. பெட்டி என்றதும் நினைவுக்கு வருகிறது, அந்தக் கொக்கியைப் பற்றி நான் இன்னும் முழுமையாகச் சொல்லவில்லை; போகட்டும்.

மூன்றாவது பரிசுக்குச் செலவே இல்லை. இரவல் வாங்கிப்போன கருவியைத் திருப்பிக் கொடுப்பதுதான் அது. எங்கள் அடுத்த வீட்டுக்காரர், ஒரு முருங்கைக் கொம்பு நடுவதற்கென்று என் கடப்பாரையை வாங்கிப் போனார். அந்த முருங்கை காய்த்து, சாம்பாரில் விழுந்து, சென்ற ஆடிக்காற்றில் முறிந்தும் போயிற்று. தென்னங்கன்றுக்குக் குழி எடுக்கப் போய்க் கேட்டேன். "அதற்கென்ன சார், தாராளமாக எடுத்துக்கொண்டு போங்கள், ஆனால் நாளைக்குக் கட்டாயம் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும், எனக்கு வேலை இருக்கிறது" என்றார். மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனமும் குங்குமமும் அவர் வீட்டில்தான் நடந்தன. எனக்குப் பொரி கடலை அனுப்பியிருந்தார். பொரி நமுத்திருந்தது.