பகையெச்சம் பேணல்

பகையில் மிச்சம் வைப்பது நெருப்பில் மிச்சம் வைப்பது போன்றது என்று வினைசெயல்வகை அதிகாரத்தில் வள்ளுவர் எச்சரித்திருக்க, அந்த எச்சரிக்கையைத் தெரிந்தே மீறிவரும் கூட்டத்தார் சிலர் உண்டு. அவர்கள் மாயாஜாலக் கதைகொண்ட உத்திப்போர் வீடியோ கேம்களை ஆடுவோர். எதிர்ப்படை முழுவதையும் சாய்த்துவிட்டு, கடைசி ஒருவனை மட்டும் கொல்லாமலும் கொல்லவிடாமலும் காத்துவைத்து, அவன் கண்ணெதிரே தம் வீரர்களைக் கொண்டே தம் வீரர்களைக் கல்லால் அடிக்கச்செய்யும் இவர்களது வழக்கம் இங்கே ‘பகையெச்சம் பேணல்’ எனப்படும். வெட்சி முதல் வாகை வரை புறத்திணைகளைப் புரட்டிப் பார்த்தாலும் இதற்கென்று ஒரு துறை கிடைப்பதில்லை. தும்பை சூடிப் பொருதாயிற்று, வாகை சூடவோ மனமில்லை என்னும் இந்த இடைநிலையில் ஒரு படை மாலை முழுவதும் நிற்கக்கூடும் என்று பழைய இலக்கணத்தாருக்குத் தோன்றாதது அவர்கள் குற்றமன்று.

இவ்வழக்கம் தன் முழு அழகோடு விளங்குவது, யசுமி மட்சுனோவின் இயக்கத்தில் ஸ்கொயர் நிறுவனம் 1997இல் பிளேஸ்டேஷனுக்காக வெளியிட்ட ‘ஃபைனல் ஃபேன்டசி டாக்டிக்ஸ்’ என்னும் ஆட்டத்திலாகும். மேடுபள்ளமான கட்டங்களின்மேல் ஆளுக்கொரு முறை நகர்ந்தும் ஆளுக்கொரு செயல் செய்தும் பொருதும் இந்த ஆட்டத்தைச் சதுரங்கத்தின் ஒன்றுவிட்ட தம்பி எனலாம்; ஆனால் சதுரங்கக் குதிரை ஆயிரம் ஆட்டம் கண்டாலும் குதிரையாகவே ஓய்வுபெற, இங்குள்ள காலாளோ மருந்தாளர், வில்லாளி, மந்திரவாதி, சாமுராய் என 20 தொழில்களுள் தனக்கு வாய்ப்பனவற்றை ஒவ்வொன்றாகப் பயின்று மேலேறுகிறான். அவ்வாறு ஏறுவதற்கான கூலியே தொழிற்புள்ளி. செயல் பலித்தால் புள்ளி உண்டு, பலிக்காவிட்டால் இல்லை. ஒருவன் ஈட்டியதில் கால் பங்கு, அதே களத்தில் நிற்கும் தோழர்களுக்கும் அத்தொழிலின் கணக்கில் வரவாகிறது. இவ்விதியில் ஆய்வாளர் கூர்ந்து நோக்கவேண்டியது அது சொல்லாமல் விட்டதைத்தான்: எறிந்த கல் பகைவன் தலையில் பட்டதா, பக்கத்தில் நின்ற தோழன் தலையில் பட்டதா என்று விதி கேட்பதே இல்லை. கடைசிப் பகைவன் விழுந்த கணமே களம் கலைந்துவிடும் என்ற இன்னொரு விதியை இதனோடு சேர்த்துப் படித்தால், உயிரோடு நிற்கும் ஒரு பகைவனைவிட மதிப்புமிக்க உடைமை படையில் வேறில்லை என்ற முடிவுக்கு எவரும் வந்துசேர்வர்.

இதன் வேரை இன்னும் பின்னே தேடுவோர், மட்சுனோ 1995இல் உருவாக்கிய ‘டாக்டிக்ஸ் ஓகர்’ வரை செல்லவேண்டும். அதில் தன் படையைத் தன்னோடே மோதவிட்டுப் பழக்கும் பயிற்சி ஏற்பாடு முறைப்படியே இருந்தது. அடுத்த ஆட்டத்தில் அது இல்லை. பள்ளிக்கூடத்தை மூடினால் திண்ணையில் பாடம் நடக்கும் என்பதற்கு இது சான்று.

எச்சமாக வைக்க எவன் தகுந்தவன் என்பதே இத்துறையின் நுட்பமான பகுதி. தொலைவிலிருந்து அம்பெய்பவன் ஆகான்; அவன் ஒவ்வொரு முறையும் எவர்மேலாவது எய்துகொண்டே இருப்பான். கல்லாய்ச் சமைத்து நிறுத்திவிடலாமே எனில், எல்லாப் பகைவரும் கல்லானால் ஆட்டம் அதை வீழ்ச்சி என்றே எண்ணிப் போரை முடித்துவிடும். அச்சுறுத்தி வீரத்தை 10க்குக் கீழே இறக்கினால் பகைவன் கோழியாகி ஓடுவான். பார்ப்பதற்கு இதைவிடச் சுவையான காட்சி இல்லை, எனினும் கோழிக்கு முறைக்கு ஒரு புள்ளி வீதம் வீரம் திரும்புவதால் அவ்வப்போது போய் மீண்டும் மிரட்டிவிட்டு வரவேண்டும். கருமந்திரவாதியின் மந்திரத்தால் பகைவனைத் தவளையாக்கிவிடுவதே எல்லாவற்றிலும் சிறந்தது. தவளையானவன் தவளையாக்கும் மந்திரம் தவிர வேறு மந்திரம் ஓதான், ஆயுதம் தூக்கான்; தவளை வலிக்காமல் அடிக்கும், யாரும் மாற்றாதவரை தவளையாகவே இருக்கும். தொடக்கத்தில் இத்தகைய வசதி வாய்க்காதவர்கள், மண்டாலியா சமவெளியில் ஒரு குட்டிப் பூதத்தைத் தேர்ந்து, அது அடிபட்டுத் தளரும்போது தம் மருந்தைத் தாமே அதற்கு ஊட்டுகின்றனர். அந்த மருந்துக்கும் மருந்தாளருக்குத் தொழிற்புள்ளி உண்டு என்பதால் இதைக் கருணை என்று கொள்வது அவசரமாகும்.

கதைத்தலைவன் ராம்சாவின் நிலையிலிருந்து பார்த்தால் இவ்வழக்கம் சற்றே கூச்சம் தருவதுதான். நாடு இரு பிரபுக்களின் போரில் எரிகிறது. தங்கை ஆல்மாவைப் பகைவர் கவர்ந்து சென்றுவிட்டனர். அண்ணனோ வயல்வெளியில் தோழர்மேல் கல்லெறிந்து மூன்று மணி நேரமாகிறது. ஆனால் இவாலிஸ் நாட்டு நாட்காட்டி ஊர்விட்டு ஊர் போகும்போதே நகரும், களத்தில் நகராது. ஆகவே எத்தனை ஆயிரம் கல் எறிந்தாலும் தங்கை ஒரு நாள்கூட அதிகம் காத்திருப்பதில்லை. வழிப்போரில் வரும் விலங்குகளும் பூதங்களும் படையின் தரத்துக்கு ஈடாகத் தாமும் தரம் உயர்ந்தே வருவதால் இவ்வுழைப்பு வீண் என்பாரும் உளர். அவர்கள் தரத்தையும் திறனையும் போட்டுக் குழப்பிக்கொள்கின்றனர். பூதம் தரத்தில் ஏறுமேயன்றித் தொழில் கற்பதில்லை.

எள்ளுவோர் வாயை அடைக்கக் கதையின் நடுவே வரும் ரியோவேன்ஸ் கோட்டை ஒன்றே போதும். அங்கே வாயிற்போர் முடிந்தவுடன் ஆட்டத்தைச் சேமிக்க இடம் தரப்படுகிறது. சேமித்த பிறகு வெளியேற வழி இல்லை, உள்ளே வீக்ராஃப் என்னும் பகைவனை ராம்சா தனியாகவே எதிர்கொள்ளவேண்டும். முன்பு சேமித்த கோப்பு வேறில்லாமல், இருந்த ஒன்றன்மேலேயே எழுதிவிட்டவர்கள் ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்க நேர்ந்ததுண்டு. தப்பியவர்களுள் பலர் ஓடி ஓடி, ஒவ்வொரு முறையும் தன் வேகத்தைத் தானே கூட்டிக்கொள்ளும் திறனை மட்டும் பயன்படுத்தி, எதிரி ஒருமுறை அசைவதற்குள் தாம் பலமுறை அசையும் நிலையை எய்தியவர்கள். அத்திறனுக்கான புள்ளி தங்கையை மறந்து கல்லெறிந்த அந்த மாலைகளில்தான் சேர்ந்தது.

இவ்வளவு பேணியும் எச்சம் கைதவறுவதுண்டு. துறவிப் போராளியின் தொழிலில் எதிரடி என்றொரு திறன் இருக்கிறது. அடித்தவனை, ஆடுபவரின் சம்மதம் கேளாமல், தானாகவே திருப்பி அடிப்பது அது. அதைக் கழற்றிவைக்க மறந்த துறவியின் அருகே, உயிர் ஊசலாடும் குட்டிப் பூதம் வந்து தன் கடமையாக ஒரு குத்து விடுகிறது. துறவியின் கை தானாக எழுகிறது, பூதம் சாய்கிறது, வெற்றி இசை முழங்குகிறது. ஆடுபவர் அந்த இசை முடியும்வரைகூடக் காத்திராமல் ரீசெட் பொத்தானை அழுத்தி, சேமித்த இடத்திலிருந்து மண்டாலியாவுக்கு மறுபடி நடக்கிறார். இம்முறை எதிரே வருவன வேறு பூதங்கள்.