அந்த அம்மாவைக் கேட்டீர்களா?

குடும்பக் கட்டுப்பாட்டைக் கண்டித்துப் படமெடுத்த தீபா தன்ராஜுக்கு, 2023-இல் திருவனந்தபுரம் ஆவணப்பட விழாவில் வாழ்நாள் சாதனை விருதாமே! நிறையப் பிள்ளை பெறச் சொல்கிறாரா, சார்?
(வாசகர், தம்பானூர்)

பெறச் சொல்லவில்லை, நிறுத்தவும் சொல்லவில்லை. ‘அந்த அம்மாவைக் கேட்டீர்களா?’ என்கிறார். 1991-இல் வந்த அவருடைய ‘சம்திங் லைக் எ வார்’ படத்தில் ஒரு டாக்டர் தாம் செய்த கருத்தடை ஆபரேஷன்களை எண்ணிப் பெருமைப்படுகிறார். பெண்களோ வட்டமாக உட்கார்ந்து தங்கள் உடம்பைப் பற்றித் தாங்களே பேசுகிறார்கள். பார்த்தே ஆகவேண்டிய படம்.

இன்னொன்று. 1971 ஜூலையில் எர்ணாகுளம் முகாமில் மட்டும் 63,000-க்கும் மேற்பட்ட ஆண்கள் கருத்தடை செய்துகொண்டார்கள். ஆனால் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், மணமான பெண்களில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 37.9 சதவீதம்; கணவர் செய்துகொண்டது 0.3. ஆண்களுக்கோ தையல்கூட இல்லாத சின்ன சிகிச்சைதான். நம் வீட்டு ஆண்கள் எப்போது போகப்போகிறார்கள்?