நாலில் மட்டும் சூறாவளி

சங்கரன்கோவிலில் கார் ஹீட்டரை யாராவது போட்டதுண்டா? சித்திரை வெயிலில் நிறுத்திவிட்டு வந்து கதவைத் திறந்தால் போதும், சூரியனே இலவசமாகப் போட்டு வைத்திருக்கிறான். ஆனாலும் டாஷ்போர்டில் ஹீட்டருக்கான அந்தச் சிவப்புக் கோடு உண்டு. லடாக்கில் யாரோ குளிர்காய நாமும் காசு கொடுத்திருக்கிறோம்.

ஹீட்டர் கிடக்கட்டும், ஏ.சி. காற்றைத் தள்ளும் ப்ளோயருக்கு நோய் வந்தால் ஊரில் ஒரே மருந்து: “கேஸ் போயிருச்சு அண்ணாச்சி, ஏத்திருவோம்.” காற்றே வராவிட்டாலும் கேஸ்தான். கேஸ் குறைந்தால் குளிர்ச்சிதான் குறையும். காற்றைத் தள்ளுவது மோட்டார். குமிழைத் திருகும் காரில் ஒன்று, இரண்டு, மூன்றில் மௌனம், நாலில் மட்டும் சூறாவளி என்றால் பெரும்பாலும் ரெசிஸ்டர் அவுட். நாலாம் வேகத்துக்கு மின்சாரம் அதைத் தொடாமல் நேரே போய்விடுகிறது. எல்லா வேகத்திலும் மூச்சுத் திணறினால் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், போன ஆடியின் புழுதி பத்திரமாக இருக்கும். எதுவுமே ஓடவில்லையா, முதலில் ஃபியூஸ். (இதையெல்லாம் ஒர்க்‌ஷாப்பில் சொல்லிவிடாதீர்கள், பில் கூடும்.)

ஹீட்டருக்கும் ஒரு நாள் வரும். ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டத்தில் மாட்டி எஞ்சின் முள் சிவப்பை நோக்கி ஏறும்போது, ஏ.சி.யை அணைத்து ஹீட்டரை முழுதாகத் திருப்பினால் கூலன்ட் சூட்டில் கொஞ்சம் காருக்குள் இறங்கும், எஞ்சினுக்கு ஆசுவாசம். கோமதியம்மனுக்கு வெளியே தபசு, பின்சீட்டில் பெரியம்மாவுக்கு உள்ளே.