எங்கள் லோரியைக் கப்பலாக்கி அருள்க

மாண்புமிகு முனையச் செயல்திறன் அளவீட்டுப் பிரிவினருக்கு,

கிள்ளான் துறைமுகத்தில் எந்த முனையம் என்று எழுதவில்லை. நாளைக்கும் அதே வாசலில்தான் என் லோரி நிற்க வேண்டும்.

போன வாரம் ஒரே மதியத்தில் தங்களிடமிருந்து இரண்டு மின்னஞ்சல்கள். முதலாவது, பதிவு செய்த நேரத்துக்கு லோரி வாசலுக்கு வரவில்லை என்று தண்டம். லோரி எங்கே போயிற்று? தங்கள் வாசலுக்கு வெளியே, தங்கள் வரிசையில்தான் நின்றிருந்தது. இரண்டாவது, ‘மதிப்புமிக்க பங்காளியே, எங்கள் வேகம் உங்களுக்குத் திருப்தியா?’ என்ற கருத்துக்கணிப்பு. ஐந்து நட்சத்திரத்தையும் கொடுத்துத் தொலைப்போம் என்று தட்டினேன். அவகாசம் முடிந்துவிட்டதாம். அங்கும் தாமதம் நான்தான்.

யோசித்துப் பார்த்தால் குற்றம் தங்களுடையது அல்ல. லோரியாகப் பிறந்த லோரியுடையது. உலக வங்கி 2021 முதல் வெளியிடும் கொள்கலன் துறைமுகத் தரவரிசையில் எண்ணப்படுவது கப்பலின் நேரம். துறைமுக எல்லைக்கு வந்து சேர்ந்ததிலிருந்து, பெட்டிகளை ஏற்றி இறக்கி, பெர்த்தை விட்டு நகரும்வரை. வாசலில் நிற்கும் லோரிக்கு அதில் கடிகாரமே கிடையாது. ஆகவே அடியேனின் விண்ணப்பம்: எங்கள் லோரியைக் கப்பலாகப் பதிந்துகொள்ளுங்கள். பக்கவாட்டில் ‘எம்.வி. மாரியம்மா’ என்று எழுதிவிடுகிறோம். கொடி கட்டுகிறோம். டிரைவரைக் கேப்டன் என்றே கூப்பிடுகிறோம். அவருக்கும் ரொம்ப நாள் ஆசை. மழைக்காலத்தில் கிள்ளான் சாலைகளில் தண்ணீருக்கும் குறைவில்லை.

கப்பலுக்கு ஏன் இத்தனை உபசாரம் என்பது தெரியாமல் இல்லை. கப்பல் கோபித்துக்கொண்டு போய்விடும். 2000-இல் மெர்ஸ்க் தன் பெட்டிகளை சிங்கப்பூரிலிருந்து ஜொகூரின் தஞ்சோங் பெலெப்பாஸுக்கு மாற்றியது. 2002-இல் எவர்கிரீன் பின்னாலேயே போனது. அந்தக் கிலி இந்தப் பக்கத்துத் துறைமுகங்களில் எதை விட்டது? 2024-இல் கிள்ளான் துறைமுகம் கையாண்டது, இருபதடிப் பெட்டிக் கணக்கில், சுமார் 1 கோடியே 46 லட்சம். அதில் பாதிக்கு மேல் ஒரு கப்பலில் இறங்கி இன்னொன்றில் ஏறிப் போகிறவை. வாசலையே பார்க்காத பாக்கியசாலிகள். கப்பல் கம்பெனி மனம் மாறினால் அத்தனையும் வேறு துறைமுகத்துக்குப் போகும்.

எங்கள் தெலுக் பங்லிமா காராங் முதலாளி மனம் மாறி என்ன செய்வார்? கையுறை ஏற்றிய பெட்டியை ஜொகூருக்கு இழுத்துப் போனால் லாபம் டோலிலும் டீசலிலும் கரைந்துவிடும். போக்கிடம் இல்லாதவன் நேரத்தை எதற்கு அளப்பது, அதுதானே தங்கள் கணக்கு? 2025 ஜூலையில் தொடங்கி மூன்று கட்டமாக 30 விழுக்காடு கட்டண உயர்வு என்று வந்தபோது மட்டும் எங்களை யாரும் மறக்கவில்லை.

ஒன்றை நேராகவே கேட்கிறேன். டிரைவருக்கு ட்ரிப் கணக்கில்தான் காசு. வரிசையில் போன இரவுக்கு ஒரு சென் கிடையாது. ஒன்றுக்குப் போக இறங்கினால் இடம் போய்விடும் என்று, பேரப்பிள்ளை எடுத்த மனுசர் காலி பாட்டிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பார்த்து ‘தாமதம்’ என்று எழுத எவனுக்கு மனம் வந்தது?

மன்னிக்கவும். கேப்டன் விஷயம் என்பதால் உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன். தங்கள் கிரேன்கள் மணிக்கு எத்தனை பெட்டி தூக்குகின்றன என்று வைத்திருக்கும் பலகையை அவர் வெகுவாகப் பாராட்டினார். படிக்க நிறைய நேரம் கிடைத்ததாம்.

கேரித்தீவிலும் துறைமுகம் வரும் என்று 2017-லிருந்து பேச்சு. அந்தத் தீவுக்குப் போகும் சாலை எங்கள் ஊர் வழியாகத்தான். வரட்டும், மகிழ்ச்சி. அங்கேயாவது கடிகாரத்தை வாசலில் மாட்டாமல் வரிசையின் வாலில் மாட்டுங்கள். கடைசி லோரி வந்து நிற்கும் நிமிடத்திலிருந்து ஓடட்டும். அது முடியாதென்றால் எம்.வி. மாரியம்மாவை உள்ளே அழைத்துப் போக ஒரு பைலட் படகு அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
நங்கூரமிட்ட நிலையில்,
தங்கள் மதிப்புமிக்க பங்காளி
தெலுக் பங்லிமா காராங்