தர்க்கசிகாமணி

சென்னையில் இளங்கலைத் தத்துவம் சொல்லித்தரும் கல்லூரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பி.காம். கிடைக்காமல் அங்கே வந்து, முதல் நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்காரும் தம்பிதான் அளவையியல் பாடம் தொடங்கிய ஒரே மாதத்தில் தர்க்கசிகாமணி ஆகிவிடுகிறார். அவரை அடையாளம் காண்பது எளிது. இர்விங் கோப்பி எழுதிய பாடப்புத்தகம் கையில் ஜெராக்ஸ் காப்பியாக இருக்கும். 1953-இல் முதல் பதிப்பு கண்ட அந்தப் புத்தகத்தில் போலி வாதங்களைப் பற்றிய அத்தியாயம் மட்டும் கையழுக்கேறிக் கிடக்கும். மற்றப் பக்கங்கள் கடையிலிருந்து வந்த வெள்ளை மாறாமல் இருக்கும்.

முதல் பரிசோதனை வீட்டில்தான்.

"வெயில்ல சுத்துனா தலை வலிக்கும்னு சொன்னேனா இல்லையா? இப்ப தலை வலிக்குதுங்கிற. அப்ப வெயில்லதான் சுத்தியிருக்க" என்பார் அம்மா, தைலம் தேய்த்தபடியே.

"அம்மா, இது அஃபர்மிங் தி கான்சிக்வென்ட். தலை வலிச்சாலே வெயில்ல போயிருக்கணும்னு இல்ல. தூக்கம் கெட்டாலும் வலிக்கும், பசிச்சாலும் வலிக்கும். உன் வாதம் செல்லாது."

வாதம் செல்லாதுதான். ஆனால் அன்று மத்தியானம் முழுக்க அவர் மெரினாவில் கிரிக்கெட் ஆடியது உண்மை. வாதத்தில் ஓட்டை இருப்பதாலேயே முடிவு பொய்யாகிவிடாது என்று அன்றைய வகுப்பில் சொன்னார்கள். சிகாமணி அப்போது பந்துவீசிக்கொண்டிருந்தார்.

அடுத்தது டீக்கடை. "நீ முதல்ல அரியரை முடிடா, அப்புறம் அரசியல் பேசலாம்" என்று நண்பன் சொன்னால், "ஆட் ஹோமினம்!" "எல்லாரும் அந்தப் படத்தை நல்லாயிருக்குன்னுதானே சொல்றாங்க?" என்றால், "ஆட் பாப்புலம்!" போக்குவரத்துக் காவலர் அபராத ரசீது கிழிப்பதைப்போல ஆளுக்கொரு லத்தீன் பெயரைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார். "சரி, நீ என்னதான் சொல்ற?" என்று கேட்டால் மட்டும் அவரிடம் சரக்கிருக்காது.

இந்த ஆளை நியாய சூத்திரம் எப்போதோ பார்த்துவிட்டது. உண்மையைத் தேடிப் பேசுவது வாதம், ஜெயிப்பதற்காகப் பேசுவது ஜல்பம், தனக்கென்று ஒரு கட்சி இல்லாமல் எதிராளியை உடைப்பதற்காகவே பேசுவது விதண்டை என்று கௌதமர் மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார். சூத்திரம் படிக்காத பாட்டியும் "விதண்டாவாதம் பண்ணாதடா" என்று நோயைச் சரியாகத்தான் சொல்கிறார்.

பரீட்சை நெருங்கினால் வேறொரு கலவரம். நள்ளிரவில் மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து, "பார்பரா, செலாரென்ட், டாரியை, ஃபெரியோ" என்று முனகல் வரும். அம்மா கதவைத் திறந்து, "யாருடா அது பார்பரா?" என்பார். சிகாமணி விளக்குவார்: முக்கூற்று வாதத்துக்கு மொத்தம் 256 உருவங்கள். பழைய கணக்கில் தேறுவது 24, புதிய கணக்கில் 15. தேறியவற்றை மனப்பாடம் செய்ய இடைக்கால ஐரோப்பிய ஆசிரியர்கள் வைத்த பெயர்கள் இவை. மூன்று கூற்றும் 'ஏ' வகையாக இருந்தால் பார்பரா. அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு அப்பாவிடம் போய், "ஒண்ணு இல்லீங்க, நாலு" என்பார்.

பாட்டி தன் பங்குக்குப் பழநிக்கு வேண்டிக்கொள்வார்: பேரன் பாஸானால் மொட்டை. சிகாமணி உடனே நோட்டை எடுத்து உண்மை அட்டவணை போடுவார். கூற்று இரண்டு, ஆகவே வரிசை நான்கு. பாஸாகி மொட்டை போட்டால் வேண்டுதல் மெய். பாஸாகியும் முடி இருந்தால் பொய். ஃபெயிலாகி முடி இருந்தால் மெய். ஃபெயிலாகி மொட்டை போட்டாலும் மெய்.

"பாட்டி, நாலுல மூணுல நாம தப்பிச்சுட்டோம். ரெண்டாவதுல மட்டும்தான் முருகன் கேள்வி கேக்க முடியும்."

"ஏன் ராசா, ஃபெயிலானவனுக்கு மொட்டையும் அடிச்சு விட்டா, அது எந்தக் கணக்குல மெய்யி?"

நிபந்தனையின் முற்பகுதி பொய்யானால் முழு நிபந்தனையும் மெய்யாகிவிடும் என்ற இந்த இடத்தில்தான் முதலாண்டு வகுப்பே முட்டிக்கொண்டு நிற்கும். பாட்டி வகுப்புக்குப் போகாமலே அங்கே வந்து சேர்ந்துவிட்டார்.

இரண்டாம் பருவத்தில் இந்தியத் தர்க்கம். மலையில் புகை தெரிகிறது, எங்கே புகையோ அங்கே தீ, அடுக்களையைப் போல, ஆகவே மலையில் தீ. அடுக்களைப் பக்கமே தலைகாட்டாத சிகாமணி இதைச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் முழங்குவார். "நம்ம கேஸ் அடுப்புல தீ எரியுது, புகை எங்கடா?" என்று அம்மா மடக்குவார். புகையிலிருந்து தீக்குப் போகலாம், தீயிலிருந்து புகைக்குப் போகக்கூடாது. இதற்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டைப் பழைய நூல்களே உதாரணம் காட்டுகின்றன. அந்தப் பக்கமும் வெள்ளை மாறாத பக்கம்.

பக்கப் போலி, ஏதுப் போலி, திட்டாந்தப் போலி என்று மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் வகைவகையாகப் பாடம் நடத்துகிறார். மணிமேகலை அத்தனையையும் கேட்டுவிட்டுத் தவத்தில் இறங்கினாள். கேட்ட கையோடு மாதவியிடம் சண்டைக்குப் போனதாகச் சாத்தனார் எழுதவில்லை.

எப்படியோ, தன் கட்சியைத் தானே கட்டவேண்டிய நாள் சிகாமணிக்கும் வரும். அது பைக் கேட்கும் நாள்.

"அப்பா, ஒண்ணு: நேரத்துக்குக் காலேஜ் போகணும்னா பைக் வேணும். சரியா?"

"சரி." பேப்பரிலிருந்து கண் எடுக்கவில்லை.

"ரெண்டு: நேரத்துக்குக் காலேஜ் போகணும்."

"ரொம்பச் சரி."

"ஆகவே, பைக் வேணும்."

"அதை நான் ஒத்துக்கலையே."

"ரெண்டையும் ஒத்துக்கிட்டா மூணாவதையும் ஒத்துக்கணும்ப்பா!"

"அப்படி ஒரு விதி இருக்கா? அதையும் சேத்து மனுவா எழுதிக் குடு, பாக்கலாம்."

1895-இல் 'மைண்ட்' இதழில் லூயிஸ் கரோல் இதே வழக்கை எழுதியிருக்கிறார். அதில் எடுகூற்றுகளை ஒத்துக்கொள்ளும் ஆமை முடிவை மட்டும் ஒத்துக்கொள்ளாது. 'இவை மெய்யானால் முடிவும் மெய்' என்பதையும் அகிலீஸ் நோட்டில் எழுதுவான். ஆமை அதையும் ஒத்துக்கொண்டு, இன்னொன்றை எழுதச் சொல்லும். கதை முடியும்போதும் அகிலீஸ் எழுதி முடித்திருக்க மாட்டான்.

அப்பா 'மைண்ட்' படித்தவரில்லை. தாலுகா அலுவலகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். கேட்பவரின் நியாயத்தை முழுக்க ஒத்துக்கொண்டு வெறுங்கையோடு அனுப்பிவைக்கும் வித்தையை எந்த ஆமையும் வந்து அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.