முகம் ஒரு பக்கம், கண் ஒரு பக்கம்

புரொகிரஸிவ் கண்ணாடி போட்டவர்களுக்குச் சொந்தக் குணம் கிடையாது. லென்ஸ் ஆட்டுவிக்கிறபடி ஆடுவார்கள். மேலே தூரப் பார்வை, நடுவில் கம்ப்யூட்டர், அடியில் படிக்கிற எழுத்து என்று மாடி மாடியாகக் கட்டிய சமாசாரம் அது. ஆபீஸில் கம்ப்யூட்டர் தெரிய வேண்டுமென்றால் நான் மோவாயைத் தூக்கியாக வேண்டும். எதிர் மேசைக்காரர், "பிரமோஷன் வந்தாலும் வந்தது, மேடத்துக்குத் திமிரைப் பாருங்க" என்கிறார். அதே மேடம் சாயங்காலம் படி இறங்கும்போது நாடியை நெஞ்சில் புதைத்துக்கொண்டு, பரம அடக்கமாக இறங்குகிறாள். கண்ணாடியின் அடிப்பாகம் வழியாகப் பார்த்தால் அடுத்த படி எங்கே இருக்கிறது என்பது காலுக்குத்தான் வெளிச்சம்.

எல்லாம் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸின் வேலை. பத்து வயதில் அது இளகியிருக்கும். சுற்றியுள்ள தசை சுருங்கியதும் உப்பிக்கொண்டு, மூக்குக்கு எதிரே 10 செ.மீ.யில் இருப்பதைக்கூடக் காட்டிவிடும். 50 வயதில் விறைத்துப்போய், அரை மீட்டருக்கு இந்தப் பக்கம் எது வந்தாலும் கலங்கலாகத்தான் காட்டுவேன் என்கிறது. ஒரே பிரேமில் இரண்டு விதமான லென்ஸைப் பாதிப் பாதியாக வெட்டிப் பொருத்திக்கொண்டதைப் பற்றி பெஞ்சமின் பிராங்க்ளின் 1785இல் கடிதம் எழுதியிருக்கிறார். 1959இல் பிரான்ஸில் நடுக்கோடு இல்லாத வேரிலக்ஸ் என்ற புரொகிரஸிவ் கண்ணாடி வந்தது. கோடு போனதே தவிர, தலையாட்டல் போகவில்லை.

தலைக்குப் பதிலாக லென்ஸ் அசையட்டுமே என்று சிலருக்குத் தோன்றியது. அமெரிக்காவில் பிக்சல்ஆப்டிக்ஸ் 2011இல் 'எம்பவர்' என்ற கண்ணாடியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. லென்ஸின் கீழ்ப்பகுதியில் திரவப் படிகம், அதாவது கால்குலேட்டரில் எண்ணைக் காட்டுகிற அதே சரக்கு. காதோரத் தண்டைத் தொட்டால் மின்சாரம் பாய்ந்து, அந்த இடத்துக்குப் படிக்கும் பவர் வந்துவிடும். தலை குனிந்தால் தானே வேலை செய்யும் வசதியும் உண்டு. படி இறங்குகிறவர்களும் தலையைக் குனிவார்கள் என்று யாராவது சொன்னார்களோ என்னவோ. 2013இல் நிறுவனம் கடையை மூடியது. சரக்கை வாங்கிய ஜப்பானின் மிட்சுய் கெமிக்கல்ஸ், 2018இல் 'டச்ஃபோகஸ்' என்று வேறு பெயரில் கொண்டுவந்தது.

தொடுகிற கண்ணாடி எனக்குச் சரிப்படாது. இட்லி மாவுக் கையோடு மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி பார்க்கிறவள் நான். போதாக்குறைக்கு அதற்குச் சார்ஜ் வேறு போட வேண்டும். எங்கள் வீட்டில் ஆடாமல் நிற்கிற பிளக் பாயின்ட் ஒன்றே ஒன்று. அது என் மகனின் போனுக்குப் பட்டா போட்டுக் கொடுத்த இடம். "அம்மாவுக்குக் கண் தெரியலைடா, கொஞ்சம் கழற்று" என்று கேட்டால், "எட்டு பர்சன்ட்தாம்மா இருக்கு" என்பான்.

தொடாமலே வேலை செய்கிற கண்ணாடியை 2017இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கார்லோஸ் மாஸ்ட்ராஞ்சலோவும் அவருடைய மாணவர் நஸ்முல் ஹசனும் செய்து காட்டினார்கள். நாம் பித்தவெடிப்புக்குப் பூசுகிற கிளிசரினை இரண்டு மெல்லிய சவ்வுகளுக்கு நடுவே அடைத்திருந்தார்கள். சவ்வு வளைந்தால் பவர் மாறும். மூக்குப் பாலத்தில் உட்கார்ந்திருக்கும் கருவி, அகச்சிவப்புக் கதிரை அனுப்பி எதிரே இருப்பது எவ்வளவு தூரம் என்று அளந்து சொல்லும். 14 மில்லி செகண்டில் லென்ஸ் தயார்.

எல்லாம் சரி, அந்தக் கருவி அளப்பது மூக்கு நீட்டிய திசையை. தமிழ்நாட்டுக் கல்யாண மண்டபத்தில் மூக்கு இருக்கும் திசையில் கண் இருப்பதில்லை. பெரியம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்து மூட்டு வலியைச் சொல்கிறார் என்று வையுங்கள். முகம் மரியாதையாகப் பெரியம்மாவிடம் இருக்கும். கண் அவர் தோளைத் தாண்டி, மூன்றாவது வரிசையில் ஒரு பட்டுப்புடவையில் நிற்கும். யூட்டா கண்ணாடி என்ன செய்யும்? பெரியம்மாவின் மூக்குத்தியை ஒவ்வொரு கல்லாகக் காட்டும். புடவை மங்கலாகிவிடும்.

ஆக, லென்ஸை வளைப்பதைவிட, ஆள் எதைப் பார்க்கிறாள் என்று கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. ஸ்டான்ஃபோர்டில் நிதீஷ் பத்மநாபன், கோர்டன் வெட்ஸ்டைன் குழுவினர் 2019இல் இதில்தான் கை வைத்தார்கள். பக்கத்தில் இருப்பதைப் பார்க்கும்போது இரண்டு கருவிழிகளும் உள்பக்கமாகச் சாயும். அந்தச் சாய்வைக் கருவி படிக்கிறது, தூரத்தை அளக்கும் கேமரா அதைச் சரிபார்க்கிறது, திரவ லென்ஸ் மாறுகிறது. 56 பேரை வைத்துச் சோதித்தார்கள். பழைய கண்ணாடியைவிட இதுவே தேவலை என்றுதான் பெரும்பாலோர் சொன்னார்கள். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போனால், மணமக்களை விட்டுவிட்டு என்னைத்தான் போட்டோ எடுப்பார்கள், அத்தனை பெரிசு. பின்லாந்தில் ஐஎக்ஸ்ஐ என்ற நிறுவனம் இதே வித்தையைச் சாதாரண பிரேமுக்குள் அடக்கப் பாடுபடுகிறது.

அடங்கட்டும், சந்தோஷம். ஆனால் இந்த வித்தை எங்கள் குடும்பத்தில் ரொம்ப நாளாகவே இருக்கிறது. பெரியம்மாவுக்குப் புரை எடுத்து, கண்ணுக்குள் லென்ஸ் வைத்திருக்கிறார்கள். மதுரை ஆரோலேபில் 1992 முதல் மலிவாகச் செய்துவருகிற வகை. ஒரே தூரம்தான், கூட்டவோ குறைக்கவோ முடியாது. சார்ஜும் வேண்டாம். போன முகூர்த்தத்தில் இடது முட்டியை முடித்து வலது முட்டிக்கு வந்தவர், என் முகத்தைப் பார்த்துச் சட்டென்று நிறுத்தினார். பின்னால் திரும்பக்கூட இல்லை.

"அது அரக்கு இல்லடி, வெங்காயக் கலரு. பார்த்தாச்சுல்ல? இப்ப என் முட்டிக்கு வா."