கலைக்கும் கூலி உண்டு: கேள்வி-பதில்

● போடி என்றால் ஏலக்காய் ஏலம். ஓவியத்துக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்?
– வியாபாரி, போடிநாயக்கனூர்

பழைய சம்பந்தம். ஜமீன் அரண்மனையின் லட்சுமி விலாசத்துச் சுவர்களில் ராமாயணமே ஓவியமாக இருக்கிறது. ஓவியருக்குச் சுவரைக் கொடுத்து வரையச் சொன்ன ஊர் இது. மறுபடியும் கொடுக்கலாமே!

● இன்றைய கலையைப் பார்க்க எந்தப் பக்கம் போக வேண்டும்?
– கல்லூரி மாணவி, தேனி

மேற்கே. போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளை ஏறுங்கள். பூப்பாறை, மூணாறு தாண்டி அதே நெடுஞ்சாலை கொச்சியில் கொண்டுபோய் விடும். கலைஞர்கள் போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் 2012 டிசம்பர் 12-ல் அங்கே கொச்சி-முசிறி பினாலே என்ற கலைத் திருவிழாவைத் தொடங்கினார்கள். பழைய சரக்குக் கிடங்குகள் பலவும் அதன் காட்சிக்கூடங்கள்.

● எங்கள் சேலையிலேயே ஏலக்காய் வாசம் இருக்கிறது. வாசத்தை வைத்துக் கலை செய்ய முடியுமா?
– தோட்டத் தொழிலாளி, தேவாரம்

செய்திருக்கிறார்கள், அம்மா. திருவண்ணாமலையில் பிறந்த சிற்பி பெனிதா பெர்சியால், 2014 கொச்சி பினாலேயில் கிறிஸ்தவத் திருவுருவங்களைப் படைத்தார். குந்திரிக்கம், வெள்ளைப்போளம், மரப்பட்டைத் தூள் போன்ற வாசனைப் பொருள்களே அவருக்குக் களிமண். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் பச்சைக்காய் காய்கிற பக்குவத்தை மூக்கிலேயே அறிந்தவர் நீங்கள். அப்படியொரு சிற்பத்தை உங்களைவிட நன்றாக யார் ரசிக்க முடியும்?

● ‘ரெசிடென்சி’ என்கிறார்களே, அது என்ன?
– பள்ளி ஆசிரியர், சிலமலை

கலைஞருக்குத் தங்க இடம், வேலை செய்யக் கூடம், முடிந்தால் செலவுக்குப் பணம். சில வாரமோ சில மாதமோ அங்கேயே இருந்து படைப்பார். கொச்சியில் மிளகுக் கிடங்கின் பெயரைத் தாங்கிய ‘பெப்பர் ஹவுஸ்’ இதற்கு இடம் தருகிறது. 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் வழிகாட்ட, ஓவியர்களும் சிற்பிகளும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்றுச் சேர்த்த பணத்தில் சென்னை அருகே நிலம் வாங்கி, சோழமண்டலம் கலைஞர் கிராமத்தையே உருவாக்கினார்கள். கோடையில் காய் வரத்து குறைந்து கிடங்குகள் காற்றாடும்போது, போடியில் ஒரே ஒரு கிடங்கு திறந்தால் போதும். பிள்ளைகளுக்கு வாரம் ஒரு வகுப்பு எடுக்க வேண்டும் என்பதை மட்டும் நிபந்தனையாக வையுங்கள்.

● கேமராவோடு வருகிறார்கள். காய் எடுக்கும் பெண்களைப் படம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். இதுவும் கலையா?
– ஜீப் ஓட்டுநர், போடி

படம் கலையாக இருக்கலாம். நடத்தை முறையாக இருந்தாக வேண்டும். முதலில் அனுமதி. வேலையைக் கெடுத்தால் அன்றைய கூலி. முடிந்ததும் படத்தை அந்தப் பெண்களுக்கே முதலில் காட்ட வேண்டும். இந்த மலைச்சரிவின் உழைப்பை இயக்குநர் லெனின் பாரதி ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) படத்தில் சொன்னபோது, ஊர்மக்களே திரையில் நடித்தார்கள். இலங்கை மலையகத்தில் கலைஞர் ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைப் பைகளிலும் தேயிலைக் கறையிலும் தோட்டத் தொழிலாளர் வாழ்வைப் படைக்கிறார். நம் ஏலமலையிலிருந்தும் அப்படி ஒரு பெண் வர வேண்டும். அவள் கையில் கேமராவைக் கொடுப்பது நம் வேலை.

● 2023-ல் சென்னை ரயில் போடிக்கு வந்துவிட்டது. நிலையச் சுவரில் என்ன வரையலாம்?
– ரயில் பயணி, போடி

விடியுமுன் ஜீப் ஏறி மலைக்குப் போகிறவர்களை வரையலாம். மெரினாவில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை 1959-லிருந்து நிற்கிறது. பாறையைப் பெயர்க்கும் அந்த நால்வரில் யாரும் அமைச்சர் இல்லை, ஆனாலும் அது சென்னையின் முகம். அதே சென்னையில் 2020-ல் கண்ணகி நகர்க் குடியிருப்புச் சுவர்கள் ஓவியங்களாயின. இங்கே வரைவதானால், வரைவுப் படத்தைப் பத்து நாள் ஊர் பார்க்க வைக்க வேண்டும். ஓவியருக்கு முழுச் சம்பளமும், மழைச் சாரலில் உரியும் வண்ணத்தைப் புதுப்பிக்கத் தனிப் பணமும் ஒதுக்க வேண்டும்.

● மகன் ஓவியக் கல்லூரிக்குப் போகிறேன் என்கிறான். சோறு போடுமா?
– தகப்பனார், சின்னமனூர்

போகட்டும் ஐயா. கும்பகோணத்திலும் சென்னையிலும் அரசுக் கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னைக் கல்லூரியின் வேர் 1850-ல் ஊன்றியது. சோறு போடுமா என்ற கேள்வியை அவனிடம் கேட்காதீர்கள். வரையச் சொல்லிவிட்டு, “பேர் கிடைக்குமே தம்பி” என்று பணத்தைப் பிடித்துக்கொள்கிறவர்களிடம் கேளுங்கள். நானும் கூட வந்து கேட்கிறேன்.